வளரும் சட்ட அலுவலகமும் விறாந்தையில் காத்திருக்கும் கட்சிக்காரரும்: மட்டக்களப்பு, அம்பாறைச் சட்டத்தரணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில், எங்கள் மட்டக்களப்பு அலுவலக விறாந்தையில் ஒரு வயோதிபத் தாய் உட்கார்ந்திருந்தார். மண்டூரிலிருந்து முதல் பாதையில் (ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் படகில்) வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி நகருக்கு வந்தவர். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மூன்று உறுதிகளும், ஓரங்கள் கிழிந்த ஒரு நில அளவை வரைபடமும், கணவரின் மரணச் சான்றிதழும் இருந்தன. நான் அன்று கல்முனையில் ஒரு விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு) போயிருந்தேன். கனிஷ்ட சட்டத்தரணி அவரை மரியாதையோடு உள்ளே அழைத்திருக்கிறார். அந்தத் தாயோ எங்கள் எழுதுவினைஞரிடம், "பெரிய சேர் இல்லையா மனே? இந்தத் தம்பிக்கு என்ட கதை தெரியாதே" என்று சொல்லிவிட்டு, பையைத் திறக்காமலே எழுந்து போய்விட்டார்.

மாலையில் இதைக் கேட்டபோது அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். வழக்கிலக்கமும் தவணைத் திகதிகளும் அதில் இருந்தன. அவருடைய மூத்த மகள் வெளிநாட்டில் இருப்பதும், இளைய மகளுக்கு எழுதிக் கொடுத்த சீதன வீட்டின் எல்லையில்தான் தகராறு என்பதும், பக்கத்துக் காணிக்காரர் அவருடைய சொந்தத் தம்பி என்பதும், எனவே வழக்கை வெல்வதைவிட உறவை முறிக்காமல் முடிப்பதையே அவர் விரும்புகிறார் என்பதும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவையெல்லாம் என் தலைக்குள் இருந்தன. கனிஷ்டர் மீது எந்தப் பிழையும் இல்லை, பிழை என்னுடையது.

ஓர் அலுவலகம் வளர்வதும் கட்சிக்காரரைத் தனிப்பட்ட முறையில் கவனிப்பதும் ஒன்றோடொன்று மோதுபவை என்று எங்கள் தொழிலில் பலரும் நம்புகிறார்கள். என் அனுபவம் வேறு. மூத்தவரின் நினைவில் மட்டும் இருக்கும் கவனிப்புதான் வளர்ச்சியில் அழிகிறது. அதே கவனிப்பைக் கோப்பிலும் அலுவலகத்தின் அன்றாடப் பழக்கத்திலும் இறக்கி வைத்துவிட்டால், நான்கு பேர் வேலை செய்யும் இடத்திலும் அது நிற்கும். அதை எப்படிச் செய்வது என்பதையே கீழே படிப்படியாக எழுதுகிறேன். ஒருவர் அல்லது இருவர் நடத்தும் அலுவலகத்தை நான்கு, ஐந்து சட்டத்தரணிகள் உள்ள ஒன்றாக வளர்க்க நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது இது.

படி 1: புதிதாக எவரையும் சேர்ப்பதற்கு முன் கோப்புகளை எண்ணுங்கள்

வளர்ச்சியைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்னர், அலுமாரியில் உள்ள கோப்புகள் அனைத்தையும் கீழே இறக்குங்கள். நாங்கள் இதற்கு மூன்று சனிக்கிழமைகளை ஒதுக்கினோம். ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு கேள்விகள் கேட்டோம்: கடைசியாகக் கட்சிக்காரரோடு பேசியது எப்போது? அடுத்த தவணை அல்லது அடுத்த வேலை எது? அதைச் செய்ய வேண்டியவர் யார்? கட்சிக்காரரின் மூல ஆவணம் எதுவும் எங்களிடம் இருக்கிறதா?

இந்த நான்கில் இரண்டுக்குப் பதில் சொல்ல முடியாத கோப்புகளைத் தனியாக அடுக்குங்கள். அந்த அடுக்கு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டதென்றால், உங்களுக்கு இப்போது தேவைப்படுவது புதிய கட்சிக்காரர் அல்லர். அந்த அடுக்கில் உள்ளவர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, அவர்களுடைய விடயம் எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் முதல் வேலை. கசப்பான வேலைதான். ஆனால் அப்படிப் பேசிய பலர் மனம் குளிர்ந்துதான் தொலைபேசியை வைத்தார்கள், கோபப்பட்டவர்கள் மிகச் சிலரே.

படி 2: எந்த வேலையில் வளர்வது என்பதைத் தீர்மானியுங்கள்

கிழக்கில் ஒரு சட்ட அலுவலகத்தின் வேலை பெரும்பாலும் காணியைச் சுற்றியே வருகிறது. உறுதி எழுதுதல், பங்கு பிரித்தல், ஆட்சியுரிமை (நீண்டகாலம் காணியை ஆண்டுவருவதால் கிடைக்கும் உரிமை), மரணசாதன (உயில்) வழக்கு, காணித் தகராறு என்று அது நீள்கிறது. இதற்கு வெளியிலிருந்து வரும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய சில விடயங்கள் உள்ளன. தேசவழமை வட மாகாணத் தமிழருக்குரிய சட்டம். மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. இங்கே ஒரு காலத்தில் வழக்கிலிருந்த முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. ஆயினும் வீட்டை மகளுக்குக் கொடுப்பதும், மருமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இன்றும் வழக்கில் உள்ளன. சட்டம் ஒரு பக்கமும் வழமை ஒரு பக்கமும் நிற்கும் இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பத் தகராறுகள் பிறக்கின்றன. முஸ்லிம் கட்சிக்காரரின் மரபுரிமைக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம்களின் உயிலில்லா மரபுரிமைக் கட்டளைச் சட்டமும், அவர்களுடைய திருமண, விவாகரத்து விடயங்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும் உள்ளன. குடியேற்றத் திட்டங்களிலும் பழைய அரச காணிகளிலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரங்களும் அளிப்புகளும் வரும். அவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது.

இவை அனைத்தையும் ஒரே அலுவலகம் நன்றாகச் செய்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. இரண்டு அல்லது மூன்று துறைகளைத் தெரிந்தெடுத்து அவற்றில் ஆழமாகப் போங்கள். மற்றவற்றை, அவற்றில் கைதேர்ந்த சக சட்டத்தரணியிடம் நேரில் அறிமுகப்படுத்தி அனுப்புங்கள். பணம் கொடுக்க வழியில்லாதவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமல், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு வழிகாட்டுங்கள். முகவரியை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், எந்தெந்த ஆவணங்களைக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டு நடத்தை, ஒழுக்க விதிகளின்படி சட்டத்தரணி தன்னை விளம்பரப்படுத்தவும் தரகர் மூலம் ஆள் பிடிக்கவும் கூடாது. ஆகவே எங்களுடைய வளர்ச்சி முழுவதும் வாய்மொழியில்தான் தங்கியிருக்கிறது. ஒரு கட்சிக்காரரைக் கவனிக்கத் தவறினால், அந்தச் செய்தி அவருடைய ஊரில் கோயில் திருவிழாவிலும் மரண வீட்டிலும் பேசப்படும்.

படி 3: முதல் சந்திப்பை ஒழுங்குபடுத்துங்கள்

அலுவலகம் வளரும்போது முதலில் பழுதாவது இந்த இடந்தான். முன்னர் கதவைத் தட்டியவரை நேரே பார்த்த சட்டத்தரணி, இப்போது "அடுத்த மாதம் பத்தாம் திகதி வாங்கோ" என்று எழுதுவினைஞர் மூலம் சொல்லி அனுப்புகிறார். சில வழக்குகளுக்கு அந்தத் தாமதமே முடிவாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருடைய வயலில் இன்னொருவர் பலாத்காரமாக இறங்கி வரம்பு போட்டுவிட்டார். சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய இத்தகைய தகராறில், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு முறையிடலாம். ஆனால் தகவல் கோவைப்படுத்தப்பட்ட நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஆட்சி பறிக்கப்பட்டிருந்தால்தான், பறிகொடுத்தவருக்கு ஆட்சியை மீள ஒப்படைக்கும் கட்டளை 68ஆம் பிரிவின் கீழ் கிடைக்கும். அவர் ஏற்கெனவே கிராம உத்தியோகத்தரிடமும் பொலிசிலும் அலைந்து ஐந்து வாரங்களைத் தொலைத்துவிட்டு உங்களிடம் வந்திருப்பார். நீங்கள் நான்கு வாரம் கழித்துத் திகதி கொடுத்தால், மிஞ்சுவது மாவட்ட நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடும் ஒரு வழக்குத்தான்.

ஆகவே முன்மேசையில் இருப்பவருக்கு மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். சம்பவம் எப்போது நடந்தது? நீதிமன்றத்திலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ கடிதமோ அழைப்பாணையோ வந்திருக்கிறதா? அதில் ஏதாவது திகதி இருக்கிறதா? இவற்றில் எதற்கேனும் அண்மைய திகதி பதிலாக வந்தால், வந்தவர் அன்றே ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். மூத்தவர் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கனிஷ்டர் பார்க்கட்டும்.

அடுத்தது, எதிரெதிர்க் கட்சிகள் ஒரே அலுவலகத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. தனியாகத் தொழில் செய்பவருக்கு எதிராளி யார் என்பது நினைவில் இருக்கும். நான்கு பேர் சேர்ந்த பிறகு, ஒருவர் அண்ணனுக்கு ஆஜராக, இன்னொருவர் அதே காணிக்குத் தங்கையின் உறுதியை எழுதிக்கொண்டிருக்கும் நிலை வரலாம். எங்கள் பகுதியில் ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எனவே பெயர்ப் பதிவேட்டில் முதலெழுத்து, தந்தை பெயர், ஊர், தேசிய அடையாள அட்டை இலக்கம், காணியின் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். காணியின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஆட்களின் பெயரில் தப்பிப்போகும் பல முரண்பாடுகள் வட்டையின் (வயல்வெளியின்) பெயரில் பிடிபட்டுவிடும்.

சந்திப்பில் முதல் பத்து நிமிடம் கட்சிக்காரர் பேசட்டும். கிழக்குக் கிராமத்தவர் நேரே விடயத்துக்கு வருவதில்லை. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரை போன கதையிலிருந்து தொடங்கி, இடம்பெயர்ந்து திரும்பிய கதை வழியாகத்தான் வேலிச் சண்டைக்கு வருவார். கேட்பவருக்கு அது சுற்றிவளைப்பாகத் தோன்றும். ஆனால் உறுதி எப்போது தொலைந்தது, இடையில் காணியை யார் ஆண்டார்கள், பத்து ஆண்டுக்கால ஆட்சியுரிமை எங்கே தொடங்கி எங்கே அறுபடுகிறது என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்ளேதான் இருக்கின்றன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீட்டோடு ஆவணங்களையும் பறிகொடுத்த கரையோரக் குடும்பங்கள் பல, அவர்களிடம் "உறுதி எங்கே?" என்று எடுத்த எடுப்பில் கேட்பது அவர்களைப் புண்படுத்தும்.

படி 4: ஒரு கோப்புக்கு ஒரு பொறுப்பாளர்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவின்படி, கட்சிக்காரர் கையொப்பமிட்டுக் கொடுக்கும் பிரொக்சியில் (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரத்தில்) பெயருள்ளவரே பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி. நீதிமன்றத்தின் அனுமதியோடு அது இரத்துச் செய்யப்படும் வரை, அல்லது கட்சிக்காரரோ சட்டத்தரணியோ இறக்கும் வரை, அல்லது வழக்கு முற்றாக முடியும் வரை அந்தப் பொறுப்பு அவரோடேயே இருக்கும். சட்டமே ஒரு முகத்தைக் குறித்து வைத்திருக்கிறது. வளரும் அலுவலகங்கள் செய்யும் தவறு என்னவென்றால், எல்லாப் பிரொக்சிகளையும் மூத்தவர் பெயரிலேயே எடுத்துவிட்டு, வேலையைக் கையில் அகப்பட்ட கனிஷ்டரிடம் கொடுப்பது. கட்சிக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் வேறொரு முகத்தைப் பார்க்கிறார். தன் கதையை முதலிலிருந்து சொல்கிறார். மூன்றாம் முறை சொல்லும்போது அவருடைய குரலில் நம்பிக்கை இருப்பதில்லை.

எங்களுடைய முறை இது. புதிய விடயம் ஒன்றை ஏற்கும் நாளிலேயே, அதைக் கொண்டு நடத்தப்போகும் சட்டத்தரணி யார் என்று தீர்மானித்து, அவரையும் அதே அறையில் உட்கார வைப்போம். மூத்தவர், "அம்மா, இந்த வழக்கை நானும் பார்ப்பேன். ஆனால் இவர்தான் முழுவதும் கொண்டு போவார். எப்ப என்ன சந்தேகம் எண்டாலும் இவரிட்டக் கேளுங்கோ" என்று சொல்வார். பிறகு கனிஷ்டர், தான் கேட்ட கதையைத் தன் சொற்களில் கட்சிக்காரருக்கே திருப்பிச் சொல்வார். இதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். தன் கதையை இன்னொருவர் வாயால் சரியாகக் கேட்கும்போது, கட்சிக்காரர் அதுவரை இறுகப் பிடித்திருந்த ஆவணப் பையை மேசைமேல் வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய கட்சிக்காரர்களை ஒரேயடியாகக் கனிஷ்டரிடம் மாற்றாதீர்கள். மூன்று தவணைகளுக்கு இருவரும் சேர்ந்து போங்கள். முதலாவதில் மூத்தவர் பேசட்டும், இரண்டாவதில் இருவரும் பேசட்டும், மூன்றாவதில் மூத்தவர் முகத்தை மட்டும் காட்டிவிட்டு வரட்டும். இதற்கு நேரம் செலவாகும். வளர்ச்சியின் உண்மையான செலவு இந்த நேரம்தான். வாடகையும் சம்பளமும் அதற்கு அடுத்தவை.

ஒரு கனிஷ்டர் எத்தனை கோப்புகளைத் தாங்குவார் என்பதற்குப் பொதுவான எண் எதையும் நான் சொல்ல மாட்டேன். என் சோதனை எளிமையானது. கோப்பைத் திறக்காமல், கட்சிக்காரரின் பெயரையும் ஊரையும் அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் அவர் சொல்ல வேண்டும். சொல்லத் தடுமாறத் தொடங்கும் இடமே அவருடைய எல்லை. அந்த எல்லையை எல்லோரும் தொட்டுவிட்டால், அடுத்த சட்டத்தரணி சேரும் வரை புதிய வழக்குகளை ஏற்பதை நிறுத்திவிடுவோம்.

படி 5: தலையில் உள்ளதைக் கோப்பில் எழுதுங்கள்

ஒவ்வொரு கோப்பின் உள்முகப்பிலும் ஒரு மஞ்சள் தாள் ஒட்டுங்கள். அதில் சட்டம் எதுவும் வேண்டாம். கட்சிக்காரர் யார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதிராளி அவருக்கு என்ன உறவு, அவர் உண்மையில் விரும்பும் முடிவு என்ன, எதற்கு ஒருபோதும் சம்மதிக்க மாட்டார், வாசிக்கத் தெரியுமா, யாரை அழைத்துச் சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பவற்றை எழுதுங்கள். வயலுக்குப் போகிறவரைப் பகலில் அழைத்துப் பயனில்லை. மீன்பிடிக்குப் போகிறவரை இரவில் அழைத்துப் பயனில்லை. மண்டூர்த் தாயின் கோப்பில்தான் முதலாவது மஞ்சள் தாளை ஒட்டினேன்.

இதோடு சேர்ந்தது திகதிப் புத்தகம். தவணைகளை மட்டும் எழுதும் டயரி போதாது. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வதாயின், மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதினான்கு நாட்களுக்குள்ளும் மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்புத் திகதியிலிருந்து அறுபது நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்த அன்று மாலையே இரண்டு திகதிகளையும் எழுதி, அவற்றுக்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு நினைவூட்டலையும் எழுதுங்கள். எழுத்துமூல ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டு, தீங்கியல் நட்டஈட்டுக்கு இரண்டு ஆண்டு என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கும் எல்லைகளையும், கோப்புத் திறக்கும் நாளிலேயே முகப்பில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள்.

நொத்தாரிசு வேலைக்கு இன்னும் கூடிய கவனம் தேவை. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்தில் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை, பட்டியலோடு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதைவிட முக்கியமானது உறுதியின் பதிவு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பெறுமதி கொடுத்து வாங்கிப் பின்னால் எழுதப்பட்ட ஓர் உறுதி முந்திப் பதியப்பட்டுவிட்டால், பதியாமல் கிடக்கும் உங்கள் கட்சிக்காரரின் உறுதி அதற்கு எதிராகச் செல்லாமல் போகலாம். அலுவலகத்தில் வேலை கூடும்போது, எழுதி முடித்த உறுதி மேசையில் கிடந்துவிடுகிறது. கட்சிக்காரரோ காசு கொடுத்தாயிற்று, காணி தனதாயிற்று என்று நம்பியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் உறுதிப் பதிவுக்கென்று தனியாக ஒரு பதிவேடு உண்டு. கையொப்பமிட்ட நாள், பதிவுக்குக் கொடுத்த நாள், நாள் இலக்கம், தோம்பு இலக்கம், திரும்பப் பெற்ற நாள், கட்சிக்காரரிடம் ஒப்படைத்த நாள் என்று ஆறு கட்டங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் வெறுமையாக உள்ள கட்டங்களை ஒருவர் சத்தமாக வாசிப்பார்.

படி 6: அழைப்புக்குப் பதில் சொல்வதை அலுவலகக் கடமையாக்குங்கள்

கட்சிக்காரரின் பெருங்குறை வழக்குத் தோற்பது அன்று. தன் வழக்குக்கு என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாமல் விடுவதுதான். தவணை முடிந்த அன்று மாலை ஐந்து மணிக்குள், பொறுப்பான சட்டத்தரணி கட்சிக்காரருக்கு இரண்டு வரி அனுப்ப வேண்டும்: இன்று என்ன நடந்தது, அடுத்த தவணை எப்போது, அதற்கு அவர் வர வேண்டுமா. வாசிக்கத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள். ஒன்றும் நடக்காமல் தவணை தள்ளிப்போனாலும் அனுப்புங்கள். வழக்குத் தள்ளிப்போனதை நீதிமன்ற வாசலில் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைப் போல் ஒரு கட்சிக்காரரை அவமதிப்பது வேறில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சுவிசிலும் இருக்கும் பிள்ளைகள், அற்றோர்ணித் தத்துவம் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு அழைப்பார்கள். அவர்களுக்கென்று வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி முன்கூட்டியே சொல்லிவிட்டால் இரவு அழைப்புகள் நின்றுவிடும். ஒன்றில் மட்டும் தெளிவாக இருங்கள். தத்துவம் கொடுத்தவர், அதைப் பெற்றவர், ஊரிலிருக்கும் பெற்றோர் என்று மூன்று பேரும் அறிவுறுத்தல் தரும்போது, உங்கள் கட்சிக்காரர் யார் என்பதைக் கோப்பில் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

படி 7: கட்டணத்தை முதல் நாளிலேயே பேசுங்கள்

தனியாக இருந்த காலத்தில் "பிறகு பாப்பம்" என்று சொல்லிக் காலத்தை ஓட்டலாம். சம்பளம் கொடுக்க வேண்டிய அலுவலகத்துக்கு அது சரிவராது. கட்சிக்காரருக்கும் அது நல்லதன்று, ஏனெனில் எவ்வளவு என்று தெரியாத கடன் மனதை அரிக்கும். கட்டணம் எவ்வளவு, அதில் எது அடங்கும், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், நில அளவையாளர் கட்டணம் ஆகியவை தனி என்பதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். முத்திரைத் தீர்வைக்காகத் தந்த பணத்தை அலுவலகச் செலவுக் கணக்கோடு ஒருநாளும் கலக்காதீர்கள். அதற்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும்.

விவசாயக் கட்சிக்காரரின் கையில் பணம் வருவது பெரும்போக அறுவடைக்குப் பின்னரே. மாரி மழையில் விதைத்துவிட்டு நிற்பவரிடம் கார்த்திகையில் முழுக் கட்டணத்தைக் கேட்பதில் பொருளில்லை. தவணைக் கட்டணத்தை அறுவடையோடு பொருத்தி எழுதிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்த கோப்புகளில் எங்களுக்கு நிலுவை குறைந்ததே தவிரக் கூடவில்லை.

படி 8: கூட வேலை செய்பவர்களை வளருங்கள்

எங்கள் ஊர்களில் கட்சிக்காரர் முதலில் பேசுவது எழுதுவினைஞரிடம்தான். அவர் கடுகடுத்தால் அலுவலகமே கடுகடுத்ததாகும். அவருக்கு இரகசியம் காப்பதன் சட்டப் பொருளைக் கற்பியுங்கள். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் தொழில்முறையில் சொன்னவற்றை வெளியிடத் தடை விதிக்கிறது. 127ஆம் பிரிவு அதே தடையை மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதுவினைஞருக்கும் பணியாளருக்கும் விரிக்கிறது. எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் ஊரில் இது சொல்வதற்கு எளிது, கடைப்பிடிக்கக் கடினம். விறாந்தையில் பத்துப் பேர் காத்திருக்கும்போது கட்சிக்காரரின் விடயத்தைச் சத்தமாகக் கேட்பதையாவது முதலில் நிறுத்துங்கள். ஆவணங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கியவர்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கனிஷ்டர்கள் ஒருநாள் பிரிந்து தனியாகத் தொழில் தொடங்குவார்கள். அதைத் துரோகமாக எண்ணாதீர்கள். பிரியும்போது எந்தப் பிரொக்சி யாரிடம் இருக்கும் என்பதைக் கட்சிக்காரரிடமே கேட்க வேண்டும், கோப்புகள் எப்படிக் கைமாறும், நிலுவைக் கட்டணம் யாருக்கு என்பவற்றைச் சேரும் நாளிலேயே எழுதி வையுங்கள். அப்படி எழுதாமல் பிரிந்த இரு சட்டத்தரணிகளுக்கு நடுவில் ஒரு விதவையின் பங்கு வழக்குக் கோப்பு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அம்பாறை நீதிமன்றங்களுக்குப் போக வேண்டியிருந்தால், சிங்களத்தில் சரளமாக வாதிடக்கூடிய ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கட்சிக்காரருக்குத் தெரியாத மொழியில் விளக்கம் நடக்கும்போது, அவருடைய சட்டத்தரணி பக்கத்திலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டிருப்பதும் கவனிப்பின் ஒரு பகுதியே.

படி 9: கிளை திறப்பதை அவசரப்படுத்தாதீர்கள்

ஏ4 வீதி வழியே மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீதிமன்றங்கள் வரிசையாக இருப்பதால், ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெயர்ப்பலகை வைக்கும் ஆசை வரும். கல்முனைக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். ஒரே காலையில் இரண்டு இடங்களிலும் வழக்கு அழைக்கப்பட்டால் ஓரிடத்தில் உங்கள் கட்சிக்காரர் தனியாக நிற்பார். நொத்தாரிசின் நியமனம் குறிப்பிட்ட பகுதிக்கும் குறிப்பிட்ட மொழிக்கும் உரியது என்பதையும் மறவாதீர்கள். மட்டக்களப்பு நொத்தாரிசு கல்முனைக் கிளையில் உட்கார்ந்து உறுதி எழுதிவிடலாம் என்று எண்ணி முற்பணம் கட்டிவிடாதீர்கள்.

நாங்கள் முதலில் கிளை திறக்கவில்லை. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் வருகிறவர்களுக்கு வசதியாகக் களுவாஞ்சிக்குடியில் ஓர் அறையை எடுத்து, வாரத்தில் ஒருநாள், அதே கிழமையில், அதே சட்டத்தரணி இருக்கும்படி செய்தோம். ஓராண்டு அந்த நாள் ஒருமுறையும் தவறாத பிறகுதான் இரண்டாவது நாளைச் சேர்த்தோம். மூத்தவர் முகம் காட்டும் கிளையைவிட, சொன்ன நாளில் திறந்திருக்கும் அறைக்கே ஆட்கள் வந்தார்கள்.

படி 10: கோப்பை முறையாக மூடுங்கள்

வழக்கு முடிந்ததும் கட்சிக்காரரை மறந்துவிடுவது பெருகிய அலுவலகங்களின் வழக்கமான குறை. தீர்ப்பின் பொருளை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தீர்ப்பாணையைப் பதிய வேண்டுமா, இறைவரிப் பதிவேட்டில் பெயர் மாற்ற வேண்டுமா, வேலி போட முன்னர் நில அளவையாளரை அழைக்க வேண்டுமா என்று அவர் அடுத்துச் செய்ய வேண்டியவற்றையும் அதில் சேருங்கள். மூல ஆவணங்களை ஒவ்வொன்றாக இலக்கமிட்டு, பட்டியலில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அலுவலகத்தில் மிஞ்சும் கோப்புகளை நிலத்திலிருந்து மூன்றடிக்கு மேல் அடுக்குங்கள்; மார்கழி வெள்ளத்தை நம்பிக் கீழ்த்தட்டில் எதையும் வைக்கக் கூடாது.

மண்டூர்த் தாயின் விடயம் தம்பியாரோடு சமாதானமாக முடிந்து, எல்லை அளக்கப்பட்டு, புதிய உறுதியும் பதிந்து வந்த நாளில் அவர் மீண்டும் முதல் பாதையில் வந்தார். நான் அறைக்குள்தான் இருந்தேன். விறாந்தையில் அவர் எழுதுவினைஞரிடம் கனிஷ்டரின் பெயரைச் சொல்லிக் கேட்பது எனக்குக் கேட்டது. கனிஷ்டர் மஞ்சள் தாளைப் பார்க்காமலே, "மூத்த மகள் போன கிழமை கதைச்சவவா அம்மா?" என்று கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். நான்கு உறுதிகளும் வரைபடமும் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டன. அவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் பைக்குள்ளேயே எல்லாவற்றையும் மடித்து வைத்துக்கொண்டார்.